பண்டமாற்று முன்னோடிகள் நினைவுக் கூட்டம்

எல்லாருக்கும் வணக்கம். வருகிற போயா அன்று பின்னேரம் நாலரைக்கு, வழமையாகக் கூடும் அச்சகத்தின் மேல்மாடியில், வியாபாரிகள் காசில்லாமல் வரவு பற்றுக் கணக்கில் கொடுத்து வாங்கும் வணிகப் பண்டமாற்றைத் தொடங்கி வைத்து மறைந்தவர்களை நினைவுகூரப் போகிறோம். மாலை, பொன்னாடை ஒன்றும் கிடையாது, பிளேன்டீயும் வடையும்தான்.

முக்கியமாக இரண்டு பேர், வெர்னர் சிம்மர்மனும் பவுல் என்ஸும். 1934இல், பொருளாதார மந்தத்தில் காசு புழங்காமல் சுவிஸ் வியாபாரிகள் திணறிய நேரம், சூரிச்சில் 'வீர்' கூட்டுறவைத் தொடங்கியவர்கள். தச்சர் பேக்கரிக்கு மேசை செய்து கொடுத்தால் அவர் கணக்கில் வரவு, பேக்கரிக்குப் பற்று. ஆனால் அந்த வரவுக்குப் பாண்தான் வாங்க வேண்டும் என்றில்லை, குழுவில் யாரிடமும் செலவழிக்கலாம், சூட்சுமமே அதுதான். அந்த வரவை அளக்கும் அலகுக்கும் வீர் என்றுதான் பெயர், ஒரு வீர் ஒரு சுவிஸ் பிராங்குக்குச் சமம். இன்றைக்கும் அந்தக் கூட்டுறவு வங்கியாக இயங்குகிறது.

அமெரிக்காவில் 1982 சட்டத்துக்குப் பிறகு பண்டமாற்று நிலையங்கள் உறுப்பினர்களின் விற்பனையை வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டி வந்தது. அப்படிக் கணக்குக் காட்டியதால்தான் இந்தத் தொழிலுக்கு மரியாதை வந்தது என்பது என் எண்ணம், சண்டை பிடிக்கிறவர்கள் அன்றைக்கு நேரில் பிடிக்கலாம்.

நம்மிடமும் ஐஸ் கொடுத்த அண்ணா அந்த வரவில் மகளின் கல்யாணக் கார்டு அடித்தார். சிலர் மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை, சரியா? உங்கள் வரவு பற்றுக் கொப்பியோடு வாருங்கள்.

வடை போடுகிற அக்காவுக்கும் வரவு வைக்க வேண்டும், அதனால் வருகிறவர்கள் முதல்நாளே இங்கே சொல்லிவிடுங்கள்.