நாலு குலை

ஈசூன், சிங்கப்பூர்
ஜூன் 12

அன்புள்ள முருகேசு,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன், கோபப்படாதே. இங்கே எல்லாரும் நலம். பாண்டிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிவப்புக் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் திராட்சைக் கொடி காய்த்துவிட்டது! நாலு குலை. நேற்றுத்தான் முதல் குலையை அறுத்தேன்.

மூன்று வருஷமாக இலையும் சுருளுமாகவே ஓடிக்கொண்டிருந்தது. சமூகத் தோட்டத்தில் பக்கத்துப் பாத்தியில் கீரை போடுகிற சீன ஆண்ட்டி, "நல்ல நிழல்" என்பார், அவ்வளவுதான். நீதான் போனில் திட்டினாய்: "வெட்டுடா, கவாத்து பண்ணாமல் எப்படிக் காய்க்கும்?" குளிர்நாட்டில் பனிக்காலம் வந்து இலையை உதிர்த்துக் கொடியைத் தூங்க வைக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய இந்த ஊரில் அதற்கு ஏது தூக்கம்? நாம்தான் தூங்க வைத்து எழுப்ப வேண்டும்.

பிப்ரவரியில் மழை ஓய்ந்த சமயம் பார்த்துத் தண்ணீரைக் குறைத்தேன். பென்சில் கனத்துக்கு முற்றிய கொப்புகளை மட்டும் வைத்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து மொட்டுக்கண் விட்டு வெட்டினேன். மிச்ச இலையையும் உருவிவிட்டேன். மொட்டையாக நின்றதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாரத்தில் கண் வீங்கியது. புதுத் தளிரில் நாலாவது இலைக்கு எதிரே, கடுகு கடுகாகப் பூங்கொத்து! அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. இலைக்கு அடியில் வெள்ளை பூத்தது, அடிச்சாம்பல் நோய். மேலே பிளாஸ்டிக் கூரை கட்டினேன், நெருக்கத்தைக் கிள்ளிக் காற்று போக விட்டேன். எப்படியோ தப்பித்தது.

கிள்ளியதில் நோய் படாத தளிர்களை மல்லிகா பருப்பில் போட்டுக் கடைந்தாள். மருந்தே அடிக்காத இலை என்பதால்தான் அந்தத் தைரியம். புளி சேர்க்கவில்லை, தேவையும் படவில்லை. புளியில் உள்ள அதே டார்டாரிக் அமிலம்தான் திராட்சையிலும் இருக்கிறது. இன்னொரு நாள் இலையை உப்புத் தண்ணீரில் வாட்டி, அரிசியும் பூண்டும் வைத்துச் சுருட்டி அவித்தோம், துருக்கிக்காரர்கள் செய்வது மாதிரி. குலையில் நெருக்கத்தைக் குறைப்பதற்காகக் கிள்ளிய பச்சைக் காயில் துவையல். தங்கச்சியிடம் சொல், தேங்காய் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சந்தோஷமாக எழுத உட்கார்ந்தபோதுதான் பாண்டி சொன்னான், நீ திராட்சைப் பந்தலைப் பிரித்துத் தென்னை வைக்கப் போகிறாயாம். உண்மையா?

மருந்துச் செலவு, கூலி, மழையில் வெடித்த பழம், விலை விழுந்த நாட்கள் எல்லாம் நீ சொல்லி எனக்குத் தெரியும். உனக்குப் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் குளிர்நாட்டில் வருஷத்துக்கு ஒரே தடவை காய்க்கிற கொடியிலிருந்து, கவாத்துத் தேதியைக் கணக்குப் பண்ணி இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுத்தவர் உன் அப்பா. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று நீ போனில் அழுதாய், முருகேசு. அப்பா இருந்திருக்கலாமே என்றாய். என் கொடி மொட்டையாக நின்ற அந்த ராத்திரி எனக்கு அவர் ஞாபகம்தான். எத்தனை தடவை அப்படி வெட்டிவிட்டுப் பயந்து காத்திருப்பார்!

தென்னை வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. கிணற்றோரத்து இரண்டு வரிசையை மட்டும் விட்டு வை. ஆடியில் நானும் மல்லிகாவும் வருகிறோம். அடுத்த கவாத்தில் எந்தக் கொப்பை வைப்பது, எதைக் கழிப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதைப் போனில் சொல்லாதே. பந்தலுக்கு அடியில் நின்று கையால் காட்டு.

அன்புடன்,
தங்கராசு