வெஸ் மாண்ட்கோமெரியும் வயலின்களும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நான் பரிந்துரைத்த, ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமெரியின் ‘பம்பின்’ இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, நல்லதொரு கிதார் வாசிப்பின் மேல் வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஓட்டல் வரவேற்பறைக்கு ஏற்ற இசை என்று போகிற போக்கில் ஒரு குத்தும் வைத்திருந்தீர்கள். தந்தி இசைக்குழுவோடு வெளிவந்த ஜாஸ் தட்டுகள் பலவற்றுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். இதற்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

இது 1965ஆம் ஆண்டு நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், வெர்வ் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. தயாரிப்பாளர் கிரீட் டெய்லர். இசைக்குழுவுக்கான பகுதிகளை எழுதியவர் டான் செபெஸ்கி. இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் விடுதிகளில் வாசிப்பு என்று பல ஆண்டுகளைக் கழித்த மாண்ட்கோமெரிக்கு இசைக்குறிப்பை வாசிக்கத் தெரியாது. அவருடையது முழுக்க முழுக்கக் கேள்வி ஞானம். தாளில் எழுதியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடும் தேர்ந்த வயலின்காரர்களுக்கு நடுவே அவரை உட்காரவைத்தபோது அவருக்குக் கை ஓடவில்லை. மீண்டும் முயன்றும் சரிப்பட்டு வரவில்லை. அப்போது செபெஸ்கி ஏற்பாட்டையே தலைகீழாக்கினார். வெஸ் முதலில் ஒரு சிறு குழுவோடு தம் போக்கில் வாசித்து முடித்துவிட, அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு, அதைச் சுற்றி வயலின், வியோலா, செல்லோ, ஹார்ப் ஆகியவற்றுக்கான பகுதிகளை எழுதிப் பிறகு சேர்த்தார்.

நீங்கள் கேட்டது இதன் விளைவைத்தான். வழக்கமான தட்டுகளில் இசைக்குழு ஒரு பாதையைப் போட்டுவிடும். தனிவாத்தியக்காரர் அதற்குள் அடங்கி, மெட்டைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ‘பம்பின்’ தட்டில் கிதார் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கேதான் வயலின்கள் நுழைகின்றன. தலைப்புப் பாடலை இன்னொரு முறை, கிதாரை விட்டுவிட்டு வில் வாத்தியங்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள். கிதார் ஒரு சொற்றொடரை முடித்து நிறுத்திய இடத்தில் அவை மெல்ல எழுந்து, அடுத்த சொற்றொடருக்கு முன் தணிந்துவிடுவதைக் காண்பீர்கள். நல்ல வயலின்காரர் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதைப் போன்றது இது.

இந்தப் பொருத்தத்துக்கு வெஸ்ஸின் கட்டைவிரலும் ஒரு காரணம். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு ஆகாமல் இரவில் பயிற்சி செய்வதற்காகப் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகட்டை) விட்டுவிட்டு விரலுக்கு மாறினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. விரலின் சதைப்பகுதி தந்தியில் படுவதால், பிக் கொடுக்கும் ‘டிக்’ என்ற கூர்மை ஸ்வரத்தின் தொடக்கத்தில் இராது. வில் போட்டு எழும் ஒலிக்கும் அப்படிப்பட்ட கூர்மை கிடையாது. ஆகவே இரண்டும் உரசிக்கொள்வதில்லை. மேலும், மீட்டிய ஸ்வரம் அக்கணமே தேயத் தொடங்கும், வில்லின் ஸ்வரத்தையோ வளர்த்துக்கொண்டே போகலாம். தேய்வதை வளர்வது ஏந்திக்கொள்கிறது. அவருடைய பெயர்பெற்ற எட்டுச்சுர இணைகளில் ஒரே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்த்து மீட்டுவார். இடையில் இருக்கும் தந்தியை இடக்கை விரலால் அடக்கிவிடுவார். அந்தத் தடித்த ஒலிக்குப் பின்னால் வயலின்கள் நிற்கும்போதுதான் இந்தத் தட்டு நிறைவடைகிறது. இதில் உள்ள, டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி இயற்றிய ‘கான் அல்மா’வை அதற்காகவே கேட்கலாம்.

வெஸ் காசுக்காக ஜாஸைக் கைவிட்டார் என்று அந்நாளிலேயே பேசினார்கள். அதே 1965 ஜூனில் அவர் நியூயார்க்கின் ‘ஹாஃப் நோட்’ விடுதியில் வின்டன் கெல்லியின் மூவர் குழுவோடு பொறி பறக்க வாசித்த பதிவு இருக்கிறது. கைவிட்டவரின் வாசிப்பு அல்ல அது. 1967இல் அவர் ஏ அண்ட் எம் என்ற நிறுவனத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கிய காலத்துத் தட்டுகளைப் பற்றிச் சொன்னீர்களானால் பெருமளவு ஒத்துக்கொள்வேன். அவற்றில் அவர் பிரபலப் பாடல்களின் மெட்டோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்.

வாசித்து முடித்த பதிவில் பிறகு வேறு வாத்தியங்களை ஒட்டுவது எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. வெஸ் 1968 ஜூனில், 45 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார். அதன்பின் ‘ஹாஃப் நோட்’ பதிவுகளில் சிலவற்றின் மேல் கிளாஸ் ஓகர்மன் எழுதிய வாத்தியப் பகுதிகளை ஏற்றி, ‘வில்லோ வீப் ஃபார் மீ’ என்று வெளியிட்டார்கள். நால்வரும் ஒருவர் வாசிப்பை ஒருவர் நிரப்பிக்கொண்ட இடத்தில் ஐந்தாவது ஆள் புகுந்த கதைதான் அது. ‘பம்பின்’ பதிவில் வெஸ் வாசிக்கும்போதே பின்னால் வயலின்கள் வரவிருப்பதை அறிந்திருந்தார்; எனவே இடம் விட்டு வாசித்தார்.

‘பம்பின்’ தட்டில் உள்ள ‘தி ஷேடோ ஆஃப் யுவர் ஸ்மைல்’ பற்றி மட்டும் உங்களோடு வாதாட மாட்டேன். அதில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். தாராளமாகத் தாண்டிச் செல்லுங்கள். ‘ஹியர்ஸ் தட் ரெய்னி டே’யைத் தாண்டினீர்கள் என்றால், நேரில் பார்க்கும்போது சண்டைக்கு வருவேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்