மோட்டா மீனை வரைந்து தருவாயா?

புவெர்த்தோ மால்டொனாடோ, பெரு
ஜூலை 14

அன்புள்ள காந்திமதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, படகும் ஊருமாக அலைந்துகொண்டிருந்தேன். செல்விக்குத் தேதி குறித்தாயிற்று என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் மடியில் தவழ்ந்த பிள்ளை! உன் மாமனாருக்கு மூட்டுவலி குறைந்ததும் நிம்மதி. இங்கே இந்த மாதங்களில் தெற்கிலிருந்து திடீரென்று குளிர்காற்று கிளம்பி வரும், ஃப்ரியாஹே என்கிறார்கள். அமேசான் காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன் என்றால் நம்புவாயா?

நகைக்கடைக்குப் போய்வந்த கதையை இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று காலையில்தான் தங்கம் எடுக்கும் இடங்களைப் படகில் தாண்டி வந்திருந்தோம். பெருவின் தங்கத்தில் கணிசமான பங்கு இந்தியாவுக்குத்தான் வருகிறது. நீ வாங்கிய தங்கம் எந்த ஊர் மண்ணிலிருந்து வந்ததோ, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளைக்கு நகை போடாதே என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ கேட்டாய் அல்லவா, "அங்கே அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்ணுகிறாய்?" என்று. அந்தத் தங்கத்தில் ஆரம்பித்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இந்த மாத்ரே தே தியோஸ் மாநிலத்தில் தங்கம் கட்டியாகக் கிடைப்பதில்லை. ஆற்று மணலில் தூசுபோலக் கலந்து கிடக்கிறது. காட்டை அழித்து, பம்பு வைத்து மணலையும் தண்ணீரையும் உறிஞ்சி, கம்பளம் விரித்த சரிவில் ஓடவிடுகிறார்கள். கனமான கருமணல் கம்பளத்தில் தங்கிவிடும். அதை உதறி ஒரு டிரம்மில் போட்டு, பாதரசத்தை ஊற்றிக் கையாலோ காலாலோ பிசைவார்கள். பாதரசம் தங்கத் தூளை மட்டும் பிடித்துக்கொள்ளும். துணியில் வைத்துப் பிழிந்தால் வெள்ளி நிறத்தில் ஓர் உருண்டை வரும். அதைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் நிற்கும். ஊருக்குள் தங்கம் வாங்கும் கடைகளிலும் இன்னொரு முறை சுடுகிறார்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்.

ஆவியாகப் போனது எங்கேயும் போய்விடுவதில்லை, காந்தி. மரத்து இலைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன, மழையிலும் சருகிலும் அது மண்ணுக்கு இறங்குகிறது. லோஸ் அமிகோஸ் என்ற பாதுகாக்கப்பட்ட காட்டில், கோடரியே படாத மரங்களுக்கு அடியில், ஏராளமான பாதரசம் இறங்குவதை 2022-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அங்குள்ள பறவைகளின் உடம்பிலும் அது இருந்தது. தோண்டிவிட்டுப் போன குழிகளோ குளங்களாகிவிடுகின்றன. அசையாத தண்ணீரின் அடியில், காற்றுப் புகாத சேற்றில், நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. உடம்புக்குள் எளிதில் ஏறுவது அதுதான். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனை மனிதர் தின்ன, ஒவ்வொரு படியிலும் அளவு கூடிக்கொண்டே போகும். கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையின் மூளையைத்தான் அது அதிகம் தாக்கும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு விவகாரம் வெளியே வந்த 2001-இல், பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ராத்திரி முழுக்கப் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அந்த ராத்திரியும் ஒரு காரணம்.

இந்த ஊரிலேயே நடந்து 2013-இல் வெளிவந்த ஆய்வில், பெரியவர்களில் 78 சதவீதம் பேருக்குத் தலைமுடியில் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தது. சந்தையில் விற்ற 15 வகை மீன்களில் 9 வகையில் பாதரசம் அளவுக்கு மீறி இருந்தது. 2016 மே மாதம் அரசாங்கம் 60 நாள் அவசரநிலை அறிவித்தது. 2019-இல் லா பம்பா என்ற சுரங்கப் பகுதிக்குள் போலீசும் ராணுவமும் புகுந்து சுரங்கக்காரர்களை வெளியேற்றின. தோண்டுவது வேறு ஆற்றோரங்களுக்கு நகர்ந்தது. அவ்வளவுதான்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். போன வாரம் எசே எஹா என்ற பழங்குடி மக்களின் ஊர் ஒன்றுக்குப் போனோம். போகிற படகுக்கு அதன் மோட்டார் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள், பெக்கே-பெக்கே. பின்னந்தலையில் வேரை ஒட்டி ஒரு சின்னக் கற்றை முடியை வெட்டி, நூலால் கட்டி, வேர்ப்பக்கம் எது என்று குறித்து உறையில் போட வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் மூன்று சென்டிமீட்டர் முடி மூன்று மாதச் சாப்பாட்டில் எவ்வளவு பாதரசம் என்று சொல்லிவிடும்.

அங்கே ஒரு பெண், இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை. கத்தரிக்கோலை எடுத்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "முன்னாடியும் இப்படித்தான் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். என்ன இருந்தது என்று யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை" என்றாள். எந்தக் குழுவோ தெரியாது. ஆனால் எனக்கு முகம் எரிந்தது. கட்டுரை எழுதியிருப்பார்கள், பட்டம் வாங்கியிருப்பார்கள், முடியைக் கொடுத்தவளுக்கு ஒரு காகிதம்கூட வரவில்லை. நாங்கள் கட்டாயம் வருவோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் தலையைக் குனிந்தாள். அப்புறம் கேட்டாள்: "மீன் கூடாது என்றால் இவனுக்கு என்ன கொடுக்கட்டும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆறு இலவசமாகத் தரும் ஒரே புரதம் அது. கோழி வாங்கக் காசு வேண்டும். வாழையும் மரவள்ளியும் வயிற்றை நிரப்பும், இரத்தம் ஊறாது. பாதரசம் கூடிய பிள்ளைகளிடம் இரத்தசோகையும் கூடுதலாக இருப்பதை இந்தப் பகுதியிலேயே கண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் தட்டிலிருந்து மீனை மொத்தமாக எடுக்கச் சொல்வது எப்படிச் சரியாகும்? எந்த மீன் என்று சொல்ல வேண்டும். மோட்டா, சுங்காரோ மாதிரி மற்ற மீனைத் தின்னும் கெளுத்தி வகைகள்தான் ஆபத்து. சேற்றை மேயும் போக்கிச்சிக்கோவில் குறைவு. குளத்தில் வளர்க்கும் பாக்கோவிலும் குறைவு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அவளுடைய பாட்டிக்கு ஸ்பானிஷ் சரியாக வராது, வீட்டில் மீன் சமைப்பது பாட்டிதான்.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தவள் நீ. இதோடு ஐந்து மீன்களின் படங்கள் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் கோட்டுச் சித்திரமாக, பார்த்ததும் அடையாளம் தெரிகிற மாதிரி வரைந்து தருவாயா? மோட்டாவுக்கு மீசையும் உடம்புப் புள்ளிகளும் முக்கியம். எழுத்தே வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிற மாதிரி ஓர் அட்டை செய்யப் போகிறேன். செப்டம்பர் முதல் வாரம் முடிவுகளோடு அந்த ஊருக்குத் திரும்பப் போகிறோம். கல்யாண வேலைக்கு நடுவில் கேட்கிறேன் என்று தெரியும். ஆகஸ்ட் கடைசிக்குள் வந்தால் போதும்.

செல்விக்கு என் முத்தம்.

உன்
மலர்