வெளியேற்றினால் விட்டுவிடுங்கள்: கிறிஸ்துமஸ் நடிப்புப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துமஸ் படத்துக்குக் கதாநாயகன் தேடி நீங்கள் நடத்தி, போன டிசம்பரில் ஒளிபரப்பான நடிப்புப் போட்டியில் மூன்றாவது எபிசோடில் வெளியேறியவன் நான். பச்சைக் கம்பளிச் சட்டை, அதில் கோணலாக ஒரு கலைமான். நினைவுக்கு வரவில்லை என்றால் பரவாயில்லை, பார்த்தவர்களுக்கும் வரவில்லை. நிகழ்ச்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு மெயில் வரும்.

மெயில்தான் பிரச்சினையே. போன வாரம் உங்களிடமிருந்து இரண்டு வந்தன. ஒன்று, அடுத்த சீசனுக்கு ஆடிஷன் தொடங்குகிறது, நடிப்புக் கனவோடு இருக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள் என்று. இரண்டாவது உங்கள் சட்டப் பிரிவு அனுப்பியது. ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் நான் ஒரு குறும்படத்தில் நடித்துவிட்டேனாம். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

அந்தக் குறும்படத்தில் நான் பிணம்.

நண்பர் எடுத்த ஆறு நிமிடப் படம். சம்பளம் கிடையாது. தலை முதல் கணுக்கால் வரை வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். வெளியே தெரிவது என் இரண்டு பாதங்கள் மட்டும். அசையாமல் படுத்திருந்தேன், அவ்வளவுதான். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி நிறுத்திப் படித்து என்னைக் கண்டுபிடித்த உங்கள் சட்டப் பிரிவு நண்பரை உண்மையிலேயே பாராட்ட வேண்டும். போட்டி நடந்தபோது இத்தனை கவனமாக என்னை யாரும் பார்க்கவில்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டியாளரை வெளியேற்றினால், அன்றைக்கே அவரை மற்ற வேலைகளுக்கும் விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தை வெளியே காட்டக்கூடாது என்றும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதனால் வாசகத்தை எடுத்துப் போடவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். ஷூட்டிங் மே மாதம். நான் செட்டில் இருந்தது 11 நாள். கடைசி எபிசோட் வந்தது டிசம்பரில். அதற்குப் பிறகும் 12 மாதம் உங்கள் அனுமதி இல்லாமல் எந்தத் திரையிலும் முகம் காட்டக்கூடாது. ஆக, 11 நாள் வேலைக்கு 19 மாதக் கட்டு. அனுமதி கேட்டு நான் அனுப்பிய மூன்று மெயிலுக்கும் இன்றுவரை பதில் இல்லை. பிணத்துக்கு மட்டும் நான்கே நாளில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் மாதம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை உங்களிடம் சொல்ல இதுவரை எனக்கு வழி இருக்கவில்லை.

ஓர் உதவி இயக்குநர் போன் செய்தார். இரண்டு வருடம் முன்பு அவருடைய படத்தில் கூட்டத்தில் ஒருவனாக நின்றிருந்தேன். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டிருந்தார். "தம்பி, அஞ்சு சீன் இருக்கு. ஹீரோயினோட அண்ணன். ரெண்டு சீன்ல நல்ல டயலாக். நாலு நாள் கால்ஷீட் போதும்" என்றார். எட்டு வருடமாக நான் காத்திருந்த போன் அது. முடியாது என்றேன். வேறு படமா என்று கேட்டார். இல்லை. உடம்பு சரியில்லையா? இல்லை. பின்னே ஏன்?

அதைத்தான் சொல்லக்கூடாதே. நிகழ்ச்சி இன்னும் ஒளிபரப்பாகவில்லை. நான் அதில் இருந்ததே ரகசியம். தோற்றது அதைவிடப் பெரிய ரகசியம். "கொஞ்சம் பர்சனல் சார்" என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பெரிய ஆளாயிட்டீங்க போல. சரி தம்பி" என்று வைத்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சலிப்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. டிசம்பரில் நிகழ்ச்சி வந்ததும் நானே கூப்பிட்டு விளக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் படத்தை முடித்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த அண்ணன் வேடத்தில் நடித்தவரைப் பார்த்தேன். நன்றாகவே செய்திருந்தார், என்ன செய்ய.

வீட்டிலும் இதே கதைதான். என்னாச்சு, ஜெயிச்சியா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் ஜெயித்தவன் மாதிரியும் இல்லாமல் தோற்றவன் மாதிரியும் இல்லாமல் ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். ஏழு மாதம் அந்தச் சிரிப்பை விடாமல் பிடித்தேன். என் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த நடிப்பு அதுதான். அதற்கு மார்க் போட அங்கே ஜட்ஜ் யாரும் இல்லை.

முடிவு முன்கூட்டியே கசியக்கூடாது என்ற உங்கள் கவலை புரிகிறது. யார் வென்றார் என்று வெளியில் பேசாதே என்று சொல்லுங்கள், வாயைத் திறக்க மாட்டோம். ஆனால் ஆகஸ்டில் நான் நான்கு நாள் நடித்திருந்தால் அந்தப் படம் உங்கள் நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் வந்திருக்கும். அதனால் எந்த முடிவு கசிந்திருக்கும்? வென்றவரைக் கட்டிவைக்கிறீர்கள், சரி, அவரை வைத்துப் படம் எடுக்கப் போகிறீர்கள். தோற்றவரை எதற்காகக் கட்டிவைக்கிறீர்கள்? நீங்களும் வேலை தருவதில்லை, தருகிறவரிடமும் விடுவதில்லை.

அமெரிக்காவில் ஹால்மார்க் தொலைக்காட்சி நிறுவனம் 2024-ல் தொடங்கிய 'ஃபைண்டிங் மிஸ்டர் கிறிஸ்துமஸ்' போட்டி உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் சீசனில் பத்துப் பேர் இறங்கினார்கள், ஒருவருக்குக் கதாநாயகன் வேடம், அதே டிசம்பரில் அவருடைய படமும் வந்துவிட்டது. இந்த வகைப் போட்டிகளில் பெரும்பாலும் கணக்கு இதுதான்: ஒருவருக்கு வேடம், மற்றவர்கள் வீட்டுக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் நடிக்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். லண்டன் மேடை இசை நாடகம் ஒன்றுக்கு நாயகி தேடி 2008-ல் பிபிசி நடத்திய 'ஐ'ட் டூ எனிதிங்' போட்டியில் அயர்லாந்து நடிகை ஜெஸ்ஸி பக்லி இரண்டாவதாகத்தான் வந்தார். 2022-ல் அவர் பெயர் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. 'க்ளீ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு நடிகர் தேடி 2011-ல் நடந்த 'தி க்ளீ ப்ராஜெக்ட்' போட்டியில் அலெக்ஸ் நியூவெல் வெல்லவில்லை. ஆறுதலாக இரண்டு எபிசோட் கொடுத்தார்கள். அதிலிருந்து அந்தத் தொடரிலேயே நிலைத்து, 2023-ல் அமெரிக்க மேடை நாடகத்தின் பெரிய விருதான டோனி விருதும் வாங்கினார். தோற்றவருக்கு இரண்டு எபிசோட் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே பார்த்தார்கள். நீங்கள் தோற்றவருக்கு 19 மாதம் கொடுத்துப் பார்க்கிறீர்கள்.

நான் தோற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து அரிக்கிறது. கோடை வெயில். கம்பளிச் சட்டை, கழுத்தில் மப்ளர், மேலே ஆறு விளக்கு. பனி என்று தலையில் கொட்டியது பொடியாக நறுக்கிய காகிதம். வியர்வையில் அது கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், வசனம் பேச வாய் திறந்தால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டு மூக்கில் ஏறி நான் நாலு முறை தும்மினேன். எபிசோடில் அந்தத் தும்மலின் சத்தத்தை எடுத்துவிட்டு, கலங்கிய கண்ணை மட்டும் வைத்து, சோக இசை போட்டு, தோல்வி தாங்காமல் நான் அழுததாகக் காட்டினீர்கள். அதற்கு முன் ஜட்ஜ் சொன்ன காரணம்: "உங்க கண்ணுல குளிர் தெரியலை." உண்மைதான் சார், தெரிந்திருக்காது. அதே எபிசோடில் பரிசுப் பெட்டிக்கு ரிப்பன் கட்டும் ஓட்டப் பந்தயத்திலும் நான் கடைசி. கதாநாயகனாக ஒருவர் தேறுவாரா என்று அவர் ரிப்பன் கட்டும் வேகத்தை வைத்து எப்படிச் சொல்கிறார்கள் என்று அந்த 11 நாளும் யோசித்தேன். தாடையும் தோளும் பார்த்துத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அளவு நாடா போதுமே, இத்தனை காகிதம் எதற்கு?

மன்னிக்கவும். வேறு பக்கம் போய்விட்டேன். ரிப்பன் உங்கள் இஷ்டம், பனி உங்கள் இஷ்டம், தும்மலைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் பிரச்சினை அந்த 19 மாதம்தான்.

விருப்பப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்பீர்கள். ஆமாம். 40 பக்கத்தை இரவு ஒன்பது மணிக்குக் கையில் கொடுத்து, காலை ஆறு மணிக்கு வண்டி வரும் என்றீர்கள். போட்டேன். எனக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றிருந்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விளையாட வந்தவர்கள்தானே, வேலைக்கு வந்தவர்களா என்றும் கேட்கலாம். ஒரு தீவில் ஜோடிகளை வைத்து எடுத்த ரியாலிட்டி நிகழ்ச்சி விஷயத்தில், பங்கேற்றவர்களுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இடையே இருந்தது வேலை ஒப்பந்தம்தான் என்று 2009 ஜூனில் பிரான்ஸின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களை ஊழியர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஊழியரைக்கூட வேலையை விட்டு நிறுத்தினால் வேறு இடத்தில் வேலை தேட விடுவார்கள், அந்த அளவுக்கு இருந்தால் போதும்.

புதிய சீசனுக்கு வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்காகவும்தான் கேட்கிறேன். புதிய ஒப்பந்தம் அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு பத்தியை மாற்றுங்கள். முடிவைப் பற்றிய ரகசியம் ஒளிபரப்பு வரை இருக்கட்டும். வேலைக்கான தடை, வெளியேறிய அன்றே முடியட்டும். எங்களில் இன்னும் கட்டுக்குள் இருப்பவர்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தாழ்மையோடுதான் கேட்கிறேன்: வெளியேற்றினால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்ட விளக்கத்தையும் இங்கேயே தந்துவிடுகிறேன். பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன், நண்பர் எடுத்துவிட்டார். பாதங்கள் படத்தில் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றையும் மறைக்க வேண்டுமா என்று தெரிவித்தால், துணியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்கிறார். அதற்கு நான் இன்னொரு முறை பிணமாகப் படுக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து அதற்கும் சேர்த்தே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

பணிவுடன்,
மூன்றாவது எபிசோடில் வெளியேறியவன்