எலினார் ராத்போனைத் தமிழில் கொண்டுவாருங்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாழ்க்கை வரலாறுகளுக்கென்று தனி அலமாரி இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே இருந்த பிரிட்டிஷ் அரசியல்வாதிகளில் யாரைப் பற்றியாவது தமிழில் படிக்கலாம் என்று தேடினால், அங்கே சர்ச்சில் ஒருவர்தான் கிடைக்கிறார். அவர் இருந்த அதே நாடாளுமன்றத்தில், 1929 முதல் சாகும்வரை எந்தக் கட்சியையும் சேராமல் உறுப்பினராக இருந்த எலினார் ராத்போன் என்ற பெண்ணின் வாழ்க்கையை நீங்கள் புத்தகமாக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ராத்போன் குடும்பம் லிவர்பூலில் மர வியாபாரத்தில் தொடங்கி, கப்பல், பருத்தி என்று வளர்ந்த குடும்பம். அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகத்தில் இருந்துகொண்டே அந்த வியாபாரத்தை எதிர்த்தவர்கள். ஆனால் அமெரிக்காவில் அடிமைகள் விளைவித்த பருத்தியை இறக்கி விற்றதும் அவர்கள் கம்பெனிதான். எழுதுகிறவர் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலினாரின் அப்பா வில்லியம் ராத்போன் லிபரல் கட்சி எம்.பி. ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் செவிலியர் ஏற்பாட்டை, ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் துணையோடு லிவர்பூலில் தொடங்கியவர். 1872 இல் பிறந்த எலினாருக்கு ஆயுளுக்கும் பணக்கவலை இருந்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் சோமர்வில் கல்லூரியில் தத்துவம் படித்தார். படிப்பை முடித்தும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க அந்தப் பல்கலைக்கழகம் 1920 இல்தான் முன்வந்தது.

ஊருக்குத் திரும்பி அவர் செய்த முதல் பெரிய வேலை, துறைமுகக் கூலிகளின் நிலையை விசாரித்து எழுதியது. லிவர்பூலில் அரை நாள் கணக்கில் ஆள் எடுப்பார்கள். இந்த வாரம் கை நிறையக் காசு, அடுத்த வாரம் ஒன்றுமில்லை. இந்த வரவை வைத்து வீட்டில் ஒரு பெண் எப்படிச் சமைத்தாள், வாடகை கொடுத்தாள் என்பதுதான் அவர் மனதில் தங்கிப்போனது. அப்புறம் விதவைகளின் நிலையையும் விசாரித்தார். 1909 இல் லிவர்பூல் நகர மன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

1914 இல் போர் வந்தது. படைக்குப் போனவர்களின் மனைவிகளுக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப, அரசு நேரடியாகப் பணம் கொடுத்தது. லிவர்பூலில் அதைக் குடும்பங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை எலினார் முன்னின்று நடத்தினார். அதுவரை புருஷன் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றிருந்த பெண்கள், முதல் தடவையாகத் தங்கள் பெயருக்கு வரும் பணத்தைக் கையில் வாங்கினார்கள். அவருடைய வாழ்க்கை முழுவதற்குமான கேள்வி அங்கேதான் பிறந்தது என்று நான் நம்புகிறேன். தனி ஆளுக்கும் ஆறு பிள்ளை பெற்றவருக்கும் ஒரே கூலி. குடும்பத்தைக் காப்பவன் ஆண் என்று சொல்லி, வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் குறைந்த கூலி. பிள்ளை வளர்ப்பதும் ஒரு வேலைதான், அதற்கான பணம் தாயிடம் சேர வேண்டும் என்று 1924 இல் ஒரு புத்தகமே எழுதினார். கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்று தொழிற்சங்கக்காரர்கள் பலர் பயந்தார்கள். பெண்ணுரிமைக்குப் போராடியவர்களிலேயே சிலர் இவரோடு முரண்பட்டு விலகினார்கள். அவர் விடவில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. 1945 இல் குடும்பப் படிச் சட்டத்தின் வரைவு வந்தபோது, பணத்தைத் தகப்பன் பெயரில் கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் இந்தச் சட்டத்தை எதிர்த்தே வாக்களிப்பேன் என்று சபையில் எழுந்து சொன்னார் எலினார். யோசித்துப் பாருங்கள், தன் ஆயுளின் பாதியைக் கொடுத்துக் கேட்ட சட்டம் அது. கடைசியில் உறுப்பினர்கள் விருப்பம்போல் வாக்களிக்கலாம் என்று அரசு இறங்கி வந்தது; பணம் தாய்க்கு என்று மாறியது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். முதல் பணம் 1946 ஆகஸ்டில் கொடுக்கப்பட்டது. எலினார் அந்த ஜனவரி 2 ஆம் தேதியே இறந்துவிட்டார். என் அம்மா தன் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்காமல் எங்கள் நான்கு பேரையும் வளர்த்தவர். இந்தப் பகுதியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் நாட்டோடு அவருக்கு இருந்த உறவை இதே அன்போடு என்னால் எழுத முடியவில்லை. இந்தியப் பெண்களின் நிலையைக் கடுமையாகச் சித்திரித்த, கேதரின் மேயோ என்ற அமெரிக்கரின் ‘மதர் இந்தியா’ புத்தகத்தைப் படித்துக் கலங்கி, இந்தியப் பெண்களுக்காக உழைக்கக் கிளம்பினார். 1929 இல் லண்டனில் மாநாடு கூட்டினார். பேசியவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ்காரர்கள். பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. எங்கள் சமூகத்தைப் பற்றி இங்கே மாநாடு போட உங்களுக்கு என்ன உரிமை என்று அந்தக் கூட்டத்திலேயே எழுந்து கேட்டார் தன்வந்தி ராமராவ், சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். இந்தியப் பெண்களின் வாக்குரிமை விஷயத்திலும் அப்படித்தான். சொத்துள்ளவரின் மனைவி என்ற தகுதியில் சில பெண்களுக்கு ஓட்டு, சட்டமன்றங்களில் பெண்களுக்குத் தனி இடங்கள், கிடைப்பதை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் எலினார். 1933 இல் லண்டன் போய் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் சாட்சியம் சொன்ன நம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், ராஜகுமாரி அம்ரித் கௌரும், ஹமீத் அலி அம்மையாரும் அதை ஏற்கவில்லை. வயது வந்தோர் எல்லாருக்கும் ஓட்டு என்பதுதான் அவர்கள் சார்ந்த அமைப்பின் நிலை. 1935 இந்திய அரசுச் சட்டம் எலினார் சொன்ன பக்கமே சாய்ந்தது. ஆனால் நியாயம் முத்துலட்சுமி அம்மையார் பக்கம் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1941 இல் எலினாரே இந்தியர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். போரில் காங்கிரஸ் ஒத்துழைக்காததைக் குறைசொன்ன மடல். நோய்ப் படுக்கையிலிருந்து தாகூர் பதில் தந்தார். ஒரு மடக்குத் தண்ணீருக்காகக் கிராமத்துப் பெண்கள் சேற்றைத் தோண்டுவதைக் கண்டவன் நான் என்றும், இருநூறு வருட ஆட்சி எங்களுக்குத் தந்தது இதைத்தானே என்றும் கேட்டார். அடுத்த இரண்டு மாதத்தில் தாகூர் மறைந்தார். பிரிட்டனில் தாய்மார்களின் கையில் பணம் வேண்டும் என்று அத்தனை நுணுக்கமாகப் பார்த்த கண்ணுக்கு, இந்தப் பெண்களின் வறுமைக்குத் தன் அரசும் காரணம் என்பது ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்விக்காகவே அந்தப் புத்தகம் வர வேண்டும்.

அதே காலத்தில் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்காக அவரைப்போல் அலைந்தவர்கள் குறைவு. அகதிகளுக்கான நாடாளுமன்றக் குழுவை நடத்தினார். தஞ்சம் தேடி வந்த ஜெர்மானியர்களையே 1940 இல் பிரிட்டிஷ் அரசு எதிரிகள் என்று அடைத்தபோது, லிவர்பூலுக்குப் பக்கத்தில் இருந்த ஹைட்டன் முகாமுக்குப் போய் அவர்களைப் பார்த்தார். கறுப்பு உடையும் தாள் நிறைந்த பெரிய பையுமாக அமைச்சர்களை விடாமல் துரத்தினார்.

ஐயா, அம்மா, என் வேண்டுகோள் இவ்வளவுதான். நேரடியாகத் தமிழில் எழுதவையுங்கள். இந்தியா பற்றிய அத்தியாயத்தைச் சுருக்கிவிடாதீர்கள். தாகூரின் பதிலையும் முத்துலட்சுமி ரெட்டி சொன்ன சாட்சியத்தையும் பின்னிணைப்பாக முழுசாகப் போடுங்கள். கிளை நூலகங்கள் வாங்கக்கூடிய விலையில் சாதாக் கட்டு போதும். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். கூலி வேண்டாம்.

அன்புடன்,
ஒரு கிளை நூலக வாசகர்