பழைய பேப்பரோடு வந்த தம்பிக்கு

அன்புள்ள சனிக்கிழமைக் கூட்டத்து நண்பர்களுக்கும், பேராதனை, கெட்டம்பே, கண்டிப் பக்கத்து உறவுகளுக்கும், தூர தேசங்களிலிருந்து விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

டித்வா புயல் வந்த அந்த இரவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். என்னைவிடப் பல மடங்கு பட்டவர்கள் இதை வாசிக்கிறீர்கள். மண்சரிவில் ஆளையே பறிகொடுத்த வீடுகள் மலையகம் முழுக்க இருக்கும்போது, என் கீழ்வீட்டு அறைகளில் சேறு நிறைந்ததை ஒரு கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். கை நடுக்கம் குறைந்து இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

முதலில், சேறு அள்ளிய மாணவப் பிள்ளைகள். எந்தப் பீடம் என்றுகூட நான் கேட்கவில்லை. மண்வெட்டியோடு வந்தார்கள், இருட்டும்வரை அள்ளினார்கள், ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்கவும் என்னிடம் அடுப்பில்லை. நாலு நாள் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த பள்ளிவாசல் தம்பிமார். சுவர் வெடிப்பு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, "இருக்கலாம், பயமில்லை" என்று சொல்லி என்னைத் தூங்கவைத்த பொறியியல் பீடத்துப் பேராசிரியர். தன் கட்டிலில் என்னைப் படுக்கவைத்துவிட்டுத் தான் பாயில் படுத்த பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. போன் வேலை செய்யாத நாட்களில் என் செய்தியை மகளுக்குச் சேர்ப்பித்த த்ரீவீல்காரர். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதக் கடமைப்பட்டவள் நான். எழுதுவேன். ஆனால் இந்த மடலை ஒருவருக்காகவே தொடங்கினேன்.

எங்கள் கூட்டத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 65 வயதில் ஒரு நாள் பல்கலைக்கழகத்து அறைச் சாவியைக் கையளித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அடுத்த திங்கட்கிழமை காலை விடிந்ததும் உடுத்திக்கொண்டு எங்கே போவது என்று தெரியாது. பிள்ளைகள் வெளிநாட்டில். பேச்சுத் துணையும் குறைந்துகொண்டே போகும். நாற்பது வருடம் மேடையில் நின்று பேசியவர்களுக்கு அந்த மௌனம் நோயைப் போல. 2012இல் ஓய்வுபெற்ற நாலைந்து பேர் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை காலைகளில் கூடத் தொடங்கினார்கள். ஒருவர் சித்திரம், ஒருவர் வயலின், ஒருவர் பழைய நாடகப் பாட்டு. நான் 2013இல் சேர்ந்தேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் நாட்டுக்கூத்தை மேடையேற்றியபோது மாணவனாகக் காலில் சலங்கை கட்டிய ஒருவர் எங்களோடு இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. உட்கார்ந்தபடியே ஆடுவார். தாளம் மட்டும் தப்பாது.

எனக்குச் சித்திரம். தாவரவியல் படிப்பித்த காலமெல்லாம் பூவைப் பூச்சூத்திரமாகத்தான் பார்த்தேன். இத்தனை இதழ், இத்தனை மகரந்தக் கேசரம், சூலகம் மேலா கீழா. பென்சிலை எடுத்து ஒரு பன்னச் செடியின் சுருண்ட குருத்தை இரண்டு மணி நேரம் வரைந்த அன்றுதான், அது விரியும்போது எந்தப் பக்கம் முதலில் தளர்கிறது என்று கண்டேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் பேராதனைப் பூங்காவுக்குப் போவோம். 1901இல் நடப்பட்ட அந்த நாகலிங்க மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு, வரலாற்றுப் பேராசிரியரும் கணிதப் பேராசிரியரும் ஒரே பூவை இரண்டு விதமாகத் தப்பாக வரைந்து சண்டை பிடிப்பார்கள். வாரத்தில் மிச்ச ஆறு நாளையும் அது தாங்கிப் பிடித்தது. பொழுதுபோக்கு என்று இதைச் சொல்பவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை.

வரைந்த புத்தகங்கள் எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியில் என் வீட்டில் இருந்தன. பதின்மூன்று வருடம். 41 புத்தகம். எங்களை விட்டுப் போய்விட்ட மூன்று பேரின் புத்தகங்களும் அதற்குள். பெட்டி கீழ்வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. மேல்தட்டில் வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஒரே கட்டியான சேற்றுத் தாள். நான் அழுதது அப்போதுதான். வீட்டுக்காக நான் அழவில்லை.

நாலாம் நாள் காலை அவர் வந்தார். தன் பெயரை எழுதக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் துறையில் இருந்தவர்களுக்கு "பிரஸ்காரத் தம்பி" என்றால் போதும். முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் ஆய்வுகூட உதவியாளர். காட்டில் பறித்த செடியைப் பேப்பருக்கு நடுவில் வைத்து, பலகை போட்டு, வாரால் இறுக்கிக் கட்டும் அந்தப் பிரஸை அவர் தோளில் சுமந்து வந்ததால் வந்த பெயர். கலஹா ரோட்டில் பஸ் இல்லை. பாதித் தூரம் நடை, பாதித் தூரம் யாருடையவோ லொறி. முதுகில் ஒரு உரப்பை. அதற்குள் என்ன தெரியுமா? பழைய வீரகேசரிப் பேப்பர், ஒரு ஈரம் படாமல். அவருடைய தோட்ட லயத்து வீட்டுக் கூரையும் ஒழுகியிருக்கிறது. வீட்டிலிருந்த படங்கை அவர் பேப்பர் மேல் போட்டிருக்கிறார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வாசலில் நின்றபடி, "மேடம், சித்திரப் பெட்டி எங்க?" என்றார்.

ஏற்கெனவே நாலு புத்தகத்தை நான் முற்றத்து வெயிலில் விரித்திருந்தேன். ஓடிப்போய் எடுத்தார். "வெயில்ல போட்டா தாள் சுருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் மேடம், நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க." உண்மைதான். நான்தான் சொல்லியிருந்தேன். அந்தக் காலையில் எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை.

பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. மூடியபடியே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, நல்ல தண்ணீர் நிறைத்த பேசினில் மெதுவாக அலசினார். ஒரு பேசின், பிறகு அடுத்த பேசின், பிறகு அடுத்தது. சேறு விளிம்பிலிருந்து புகை மாதிரிக் கலைந்து போனது. பிறகு தானாக எங்கே பிரிகிறதோ அங்கே மட்டும் பேப்பர் செருகினார். பிரியாத இடத்தில் நகத்தைக்கூட வைக்கவில்லை. அட்டைகளைக் கொஞ்சம் விரித்து விறாந்தை நிழலில் நிறுத்தினார். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை பேப்பர் மாற்ற வேண்டும். ஈரப் பேப்பரை எறியவில்லை. பக்கத்து வீட்டு விறகடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயவைத்துத் திரும்பவும் செருகினார். எண்பதுகளில் நக்கிள்ஸ் மலையில் மழைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வாரம் முழுக்க இப்படித்தான் செடிகளைக் காப்பாற்றினோம். அன்று சேகரித்த மாதிரிகளின் அட்டையில் என் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

பதினொரு நாள் வந்தார். பெரும்பாலும் பேசவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, ஒரு புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் தானாகப் பிரிந்தது. நெலுப் பூ, குறிஞ்சி இனத்துச் செடி. 2013இல் ஹோர்ட்டன் சமவெளியில் நெலு பூத்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு வான் பிடித்துப் போனோம். எங்கள் பௌதிகவியல் பேராசிரியர் குளிரில் கையுறை போட்டுக்கொண்டு வரைந்த படம் அது. அடுத்த முறை பூக்க 12 வருடம் ஆகும், அப்போதும் வருவோம் என்று அதன் கீழே சிங்களத்தில் எழுதியிருந்தார். அவர் இல்லாமல் போய் நாலு வருடம். ஊதா நிறம் முழுக்கக் கரைந்து தாளின் அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டது. பென்சில் கோடு மட்டும் அப்படியே நின்றது, ஒவ்வொரு கணுவும். எழுத்தும் நின்றது. தம்பி அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, வாரால் கட்டி, கட்டின் மேல் பென்சிலால் தேதியும் "சாரின் நெலு" என்றும் எழுதினார். மாதிரிக்கு லேபல் எழுதும் அதே கை.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாங்கள் வரைந்த பூக்கள் எங்கிருந்து வந்தன? பூங்காவுக்குப் போகாத சனிக்கிழமைகளில் விறாந்தை மேசையில் தயிர்ச் சட்டிக்குள் ஒரு கொத்து இருக்கும். ஹந்தானைப் பக்கத்துக் காட்டோரப் பன்னம், மரத்தில் தொற்றிய ஓர்க்கிட், பெயர் தெரியாத ஒரு புல். ஓய்வுபெற்ற பிறகும் அவர்தான் கொண்டுவந்து வைத்தார். கேட்டடியில் நின்று தந்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் நன்றி சொன்னோம். உள்ளே வா, உட்கார், நீயும் ஒரு பென்சிலை எடு என்று பதின்மூன்று வருடத்தில் ஒருவர் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை.

ஒரே ஒருமுறை கூப்பிட்டோம். மாசி மாதம், தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் காலம். அவர் தப்பு மேளம் அடிப்பவர் என்று அறிந்து எங்களுக்கு அடித்துக் காட்டச் சொன்னோம். முற்றத்தில் சருகு கொளுத்தித் தப்பைச் சூடாக்கி, தோல் இறுகிய பிறகு அடித்தார். கூத்தாடிய நண்பர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். கை தட்டினோம், ஒரு உறையில் பணம் வைத்துக் கொடுத்தோம், அவர் போனார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்த உறையை நினைத்தால் முகம் சுடுகிறது.

நானும் லயத்தில் பிறந்தவள். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். என் அம்மா கொழுந்துக் கூடையோடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவள். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஹர்மனிஸ் டி அல்விஸ் செனவிரத்னவும் அவர் பிள்ளைகளும் பேராதனைப் பூங்காவில் பல பத்தாண்டுகள் இலங்கைத் தாவரங்களை வரைந்தார்கள். வெள்ளைத் துரைமாருடைய பெயர் தெரிந்த அளவுக்கு வரைந்த கையின் பெயர் தெரியவில்லையே என்று வருடா வருடம் முதலாம் ஆண்டு வகுப்பில் சொல்லிக் குறைப்பட்டவள் நான். வகுப்பின் பின்வரிசையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டு அதை அவரும் கேட்டிருப்பார்.

பதினோராம் நாள் பின்னேரம் கேட்டேன். "தம்பி, தை பிறந்தா கூட்டம் திரும்பத் தொடங்குது. நீங்க வரணும். பூவை வைச்சிட்டுப் போறதுக்கில்ல, இருக்கறதுக்கு."

"சார்மாருக்கு நடுவுல நான் எப்படி மேடம்" என்றார்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேப்பரைத்தான் மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "பிரஸ் கட்டறது சொல்லிக் குடுக்கலாம். அது எனக்குத் தெரியும்" என்றார்.

சரி, அப்படித்தான் தொடங்கும். தையில் முதல் சனிக்கிழமை அவர் எங்களுக்கு வகுப்பெடுக்கிறார். செடியை எப்படிப் பரப்புவது, ஈரத்தாளை எப்படிப் பிரிப்பது. நாங்கள் மாணவர். அதற்கடுத்த வாரம் அவர் எங்களோடு உட்கார்ந்து வரைகிறார், அல்லது சும்மா உட்காருகிறார், அவர் விருப்பம். இது ஓய்வுபெற்ற விரிவுரையாளர்களின் கூட்டம் என்று இனி நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. நூலகத்தில் புத்தகம் அடுக்கியவர்கள், விடுதிச் சமையல்காரர்கள், தோட்டத்தில் புல் வெட்டியவர்கள், ஓய்வுபெற்று வீட்டில் தனியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் அந்த விறாந்தையில் இடம் உண்டு. நண்பர்களில் இதற்குச் சம்மதமில்லாதவர் இருந்தால் என்னோடு நேரில் பேசுங்கள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, இதை உங்கள் பேத்தி உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். பெயர் எழுதவில்லை, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் காய்ந்த புத்தகங்களின் முதல் பக்கத்தில், வரைந்தவர் பெயருக்குக் கீழே, காப்பாற்றியவர் என்று உங்கள் பெயரைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். அதற்குக் கோபிக்கக் கூடாது.

கடைசியாகக் கணக்கு. 41 புத்தகத்தில் 12 போய்விட்டன, ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றின் உரியவர்களிடம் நான் நேரில் வந்து சொல்கிறேன். 22 காய்ந்துவிட்டன. மிச்சம் 7 இன்னும் விறாந்தையில் நிற்கின்றன, இந்த மார்கழிப் பனியில் பேப்பர் சீக்கிரம் நமுத்துப் போகிறது. என்னைப் பார்க்க வருபவர்கள் பழம், பிஸ்கட் ஒன்றும் வாங்கி வராதீர்கள். வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் கொண்டுவாருங்கள்.