கால்வாயை மழித்துவிட்டால் ஏரி நிரம்பிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழைக்கு முன் ஏரி வரத்துக்கால்வாய்களைத் தூர்வாரும் பணி மும்முரமாக நடப்பதாகத் தங்கள் வேலூர் பதிப்பில் செய்தி வந்திருந்தது. கூடவே ஒரு படம். ஜேசிபி நிற்கும் இடத்துக்குப் பின்னால் கால்வாய் நூல் பிடித்ததுபோல் நேராக, ஒரு கல்லோ புல்லோ இல்லாமல் மழமழவென்று கிடக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் நீர்ப்பாசன வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது.

ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஏரிக்கு ஜவ்வாதுமலை அடிவாரத்துக் கானாற்றிலிருந்து வரும் கால்வாயையும் போன கோடையில் இப்படித்தான் மழித்தார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தது. வந்த வேகத்தில் நடுக்கால்வாயில் முழங்கால் உயரத்துக்கு ஒரு படி விழுந்தது. அந்தப் படியின் விளிம்பு செம்மண் கட்டிகளாக உடைந்து உடைந்து, குழி நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனது. சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால், அடியில் கற்கள் உருளும் அதிர்வு உள்ளங்கையில் தெரிந்தது. கீழே, சரிவு குறைகிற இடத்தில் தண்ணீர் கரை தாண்டி நிலக்கடலைக் கொல்லைக்குள் பாய்ந்தது. ஏரிவாயில் வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி மணல்.

ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மதிப்பீட்டுத் தாளிலேயே கோளாறு இருக்கிறது. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-இல் முன்வைத்த சூத்திரத்தை வைத்துத்தான் இன்றும் கணக்குப் போடுகிறோம். கால்வாயின் அளவு, சரிவு, படுகையின் கரடுமுரடு எண் இவை தெரிந்தால் வேகம் வந்துவிடும். சுத்தமாக வெட்டிய மண் கால்வாய்க்கு 0.022 அல்லது 0.025 என்று போடுவது வழக்கம். கல்லும் மேடுபள்ளமுமான ஓடைக்கு 0.040 வரை, அதற்கு மேலும்கூடப் போகும். எண் எவ்வளவு ஏறுகிறதோ அந்த விகிதத்தில் வேகம் இறங்கும். அதே ஆழம், அதே சரிவில் 0.025 என்பது 0.040 ஆனால், நொடிக்கு 100 கன அடி போகும் என்று எழுதிய கால்வாயில் 62 கன அடிதான் போகும். மிச்சம் எங்கே போகும்? கரை மேலேதான்.

காங்கிரீட் கால்வாயில் இந்த எண் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். மண் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறும். வேகமான நீர் படுகையைக் குடைந்து குழியும் படியுமாக்குகிறது. அந்தக் குழியும் படியுமே நீரை மறிக்கின்றன. போதாததற்கு, அடியில் உருண்டும் துள்ளியும் வரும் மணலும் கூழாங்கல்லும் நகர்வதற்கான விசையைத் தண்ணீரிடமிருந்துதான் வாங்குகின்றன. மண்ணைச் சுமக்கும் செலவு போகத்தான் நீருக்கு ஓட்டம். நீரோடு கலந்து மிதந்து வரும் நுண்ணிய களிமண்ணின் கதை வேறு. அது சில சமயம் நீரின் கொந்தளிப்பைத் தணிக்கவே செய்யும். ஆகவே தண்ணீரின் நிறத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது; அடியில் என்ன உருள்கிறது என்று பார்க்க வேண்டும்.

என் மகள் வேளாண் பொறியியல் படித்த நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இன்னும் நினைவில் இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கோவர்ஸ் 1992-இல் எழுதியது. இளகிய மண்ணில் அரித்துக்கொண்டு ஓடும் சிறு நீர்த்தாரைகளில் நீரின் அளவு கூடினால் வேகம் கூடுகிறது; சரிவு கூடினால் வேகம் அநேகமாகக் கூடுவதில்லை என்கிறது அது. சரிவு கூடும்போது அரிப்பும் கூடி, படுகை கரடாகி, வேகத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. எங்கள் கால்வாய் ஒன்றும் சிறு தாரை அல்ல. அதற்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் 'சரிவாக வெட்டினால் சீக்கிரம் நிரம்பும்' என்று களத்தில் நின்று சத்தம் போடுகிறவர்கள் ஒருமுறை படிக்க வேண்டியது.

இன்னொன்று. மேலே தடுப்பணை கட்டி மணலைப் பிடித்துவிட்டால் கீழே பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். சுமையை இறக்கிவைத்துவிட்டு வரும் தெளிந்த நீர்தான் அதிகம் அரிக்கும். 1926-இல் அமெரிக்காவில் ஃபோர்ட்டியர், ஸ்கோபி இருவரும் வெளியிட்ட அட்டவணையில், மணற்பாங்கான வண்டல் மண் தெளிந்த நீரில் நொடிக்கு 1.75 அடி வேகம்தான் தாங்கும். நுண்களி கலந்த நீரானால் 2.5 அடி தாங்கும் என்று இருக்கிறது. ஏறத்தாழ நூறு வருடப் பழைய அட்டவணை. எங்கள் ஊர்க் கால்வாயை வெட்டுவதற்கு முன் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. அடைத்துக் கிடக்கும் வண்டலையும் சீமைக்கருவேலத்தையும் எடுக்கட்டும். படுகையில் பதிந்திருக்கும் பெரிய கற்களையும் கரையோர நாணலையும் விட்டுவைக்கட்டும். சரிவு கூடுதலான இடங்களில் கருங்கல் அடுக்கிப் படிகளாக இறக்கினால் நீரின் வேகம் அங்கேயே அடங்கும். படிக்குக் கீழே குழி விழாமல் கல் பாவுவது முக்கியம், எஸ்டிமேட்டில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். காய்ந்த படுகையில் டேப் பிடித்து அளந்ததோடு நிறுத்தாமல், மழை வரும் நாளில் யாராவது ஒரு பொறியாளர் அந்தச் சிறுபாலத்துக்கு வந்து, ஒரு மரக்கட்டையை மிதக்கவிட்டு உண்மையான வேகத்தைப் பார்க்க வேண்டும். வருகிற ஐப்பசிக்குள் இந்த ஏற்பாட்டைச் செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.